மோட்டுவளை முதல் முட்டுக்கம்பு வரை



இன்றைய பேச்சின் பொருள் மரம். தோப்பில் நிற்கிற மரமில்லை. அறுத்து, இழைத்து, நம் தலைக்கு மேலே ஏற்றி வைத்த மரம். உத்திரம், விட்டம், கைமரம், வரிச்சு, ரீப்பர், சாரம், முட்டு என்று அதற்கு வேலைக்கு ஒரு பெயர் உண்டு. இந்தப் பெயர்கள் யார் வைத்தவை? எங்கிருந்து வந்தவை? வீடுகளிலிருந்து மரம் இறங்கிப்போன பிறகு அவை என்ன ஆயின? இவைதான் இன்றைய கேள்விகள்.

தமிழ்ச் சிறுகதை படிக்கிறவர்களுக்கு ஒரு வாக்கியம் நன்றாகப் பழக்கம்: ‘மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.’ வேலை கிடைக்காதவன் மோட்டுவளையைப் பார்ப்பான். காதலில் விழுந்தவன் மோட்டுவளையைப் பார்ப்பான். கடன்காரன் வாசலில் நிற்கும்போதும் மோட்டுவளையைத்தான் பார்ப்பான். அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்த பிள்ளை எதைப் பார்க்கும்? மின்விசிறியைப் பார்க்கும். அந்தப் பிள்ளையிடம் மோட்டுவளை எது என்று கேட்டால் பதில் வராது. பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. காட்டுவதற்கு வீட்டில் ஒன்று இருந்தால்தானே?

ஆகவே முதலில் ஒரு ஓட்டு வீட்டுக்குள் போவோம். அண்ணாந்து பார்ப்போம்.

உச்சியில், இரண்டு பக்கச் சரிவும் கூடுகிற இடத்தில், வீட்டின் நீளத்துக்கு ஒரு மரம் ஓடுகிறதே, அதுதான் மோட்டுவளை. முகட்டு வளை என்பது பேச்சில் அப்படித் திரிந்தது. அதைத் தாங்க, குறுக்கே கிடக்கும் விட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குட்டைக் கால் எழுந்து நிற்கும், அது குத்துக்கால். விட்டத்தின் இரு முனைகளும் சுவரில் உட்காரும். மோட்டுவளையிலிருந்து சுவரை நோக்கிச் சரிவாக, ஒன்றரை அடிக்கோ இரண்டு அடிக்கோ ஒன்றாக இறங்குபவை கைமரங்கள். கைமரங்களுக்கு மேலே குறுக்கில், ஏணிப்படி மாதிரி நெருக்கமாக அடிக்கப்பட்ட மெல்லிய பட்டைகளே ரீப்பர்கள். ஓடு வேய்ந்த கூரையில் ரீப்பர் என்பதைக் கீற்று வேய்ந்த கூரையில் வரிச்சு என்பார்கள். வரிச்சில் ஆணிக்கு வேலையில்லை, கயிறுதான்.

இப்போது பாரத்தின் வழியைப் பாருங்கள். ஓட்டின் எடை ரீப்பருக்கு வருகிறது. ரீப்பர் அதைக் கைமரத்திடம் கொடுக்கிறது. கைமரம் ஒரு பாதியை மோட்டுவளையிலும் மறுபாதியைச் சுவரிலும் இறக்குகிறது. மோட்டுவளை குத்துக்காலிடம், குத்துக்கால் விட்டத்திடம், விட்டம் சுவரிடம். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு மரம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர். பொறியியல் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கக் கணக்குப் போட்டுக் கற்கிற பாடத்தை, ஆசாரி தன் மகனுக்குப் பெயர் சொல்லியே கற்றுக்கொடுத்துவிட்டார்!

ரீப்பர் என்று இத்தனை முறை சொன்னோமே, அது என்ன மொழி? ஆங்கிலம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதை ஒத்து ஒலிக்கும் சொல்லுக்குக் கதிர் அறுப்பவன் என்று பொருள். கூரைக்கும் அறுவடைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை.

இந்தக் குழப்பம் 1886இலேயே அச்சேறியிருக்கிறது. இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கு யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற அகராதி அந்த ஆண்டு வெளிவந்தது. பர்னல் நமக்கு அந்நியர் இல்லை. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் செய்தவர். அகராதி அச்சில் வருவதற்கு முன்பே, 1882இல், இறந்துபோனார். அந்த அகராதி ரீப்பருக்கு ஒரு பதிவு கொடுக்கிறது. ஓடு தாங்கும் மெல்லிய பட்டை என்று பொருள் சொல்கிறது. இந்தி அகராதிகளில் இதற்கு மூலம் கிடைக்கவில்லை என்றும், மராத்தியில் ‘ரீப்’ என்ற சொல் இருக்கிறது என்றும் குறிக்கிறது.

மராத்திக்கு எங்கிருந்து வந்தது? போர்ச்சுகீசிய மொழியில் மரப்பட்டைக்கு ‘ரிபா’ என்று பெயர். சிங்களத்தில் ‘ரீப்ப’ என்கிறார்கள். கோவா முதல் கொழும்பு வரை போர்ச்சுகீசியர் கால் வைத்த கரையெல்லாம் இந்தச் சொல் கிடக்கிறது என்றால், அவர்கள் கப்பலில்தான் இது வந்திறங்கியிருக்க வேண்டும் என்று எண்ண நியாயம் இருக்கிறது. ஜன்னல் அவர்கள் கொடுத்தது. அலமாரி அவர்கள் கொடுத்தது. சாவி அவர்கள் கொடுத்தது. கட்டடத்தையே நடத்துகிற மேஸ்திரியும் அவர்கள் கொடுத்த சொல்தான். முன் வரிசையில் இருக்கும் மேஸ்திரிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது! யாழ்ப்பாணத்தில் இன்னும் ஒன்று உண்டு. 1619 முதல் 1658 வரை அங்கே போர்ச்சுகீசியர் ஆட்சி நடந்தது. கூரையின் குறுக்கு விட்டத்தை யாழ்ப்பாணத்தார் தீராந்தி என்பார்கள். கேட்பதற்குச் சுத்தத் தமிழ். ஆனால் போர்ச்சுகீசியரின் ‘திரான்தே’ அது.

ரீப்பர் என்ற சொல் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவக் காரணம் இன்னொன்று. அது மங்களூர் ஓடு. 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபையார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அதற்கு முன்பு நம்மிடம் இருந்தது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் வனைந்து, பாதியாகப் பிளந்து சுட்டது. நாட்டு ஓட்டுக்கு அளவுக் கெடுபிடி கிடையாது. மூங்கில் பிளாச்சுகளை எப்படி அடித்தாலும் அதன்மேல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக்கொண்டு போகலாம்.

மங்களூர் ஓடு அப்படி இல்லை. அதன் அடிப்பக்கத்தில் கொக்கி போல ஒரு மேடு இருக்கும். கொடியில் துணியைப் போடுவது போல அந்த மேட்டை ரீப்பரில் மாட்டித் தொங்கவிட வேண்டும். ரீப்பருக்கும் ரீப்பருக்கும் இடைவெளி ஓர் அடிக்குச் சற்று அதிகம். அது எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை அங்குலம் கூடினால் மேல் ஓடு கீழ் ஓட்டில் கவ்வாது. மழை உள்ளே வரும். அரை அங்குலம் குறைந்தால் ஓடு தூக்கிக்கொண்டு நிற்கும், காற்று அடித்துப்போகும்.

நல்ல ஆசாரி இந்த வேலையை எப்படித் தொடங்குகிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? அளவு நாடாவை அவர் முதலில் எடுப்பதில்லை. வந்து இறங்கிய ஓட்டில் இரண்டை எடுத்து, ஒன்றோடு ஒன்று கவ்வ வைத்து, கொக்கிக்கும் கொக்கிக்கும் உள்ள தூரத்தை ஒரு குச்சியில் வெட்டிக்கொள்கிறார். அந்தக் குச்சிதான் அன்றைய அளவுகோல். ஏனென்றால் சூளைக்குச் சூளை ஓடு கொஞ்சம் மாறும். பிறகு தாழ்வாரப் பக்கத்தில் கடைசி ரீப்பரை மட்டும் கனமாக, அல்லது இரட்டையாக அடிக்கிறார். ஏன்? மற்ற ஓடுகளுக்கெல்லாம் அடியில் இன்னொரு ஓட்டின் தலை இருக்கிறது. கடைசி ஓட்டுக்கு அது கிடையாது. அந்தக் கனத்தை ரீப்பர் கொடுக்காவிட்டால் கடைசி வரிசை மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும். இதை எழுதி வைத்த தமிழ்ப் பாடநூல் எது?

இனி நம் ஊர் மரத்துக்கு வருவோம். பனைக்கு வருவோம்.

தேக்கில் வைரம் உள்ளே இருக்கிறது, வெளியே வெள்ளை. பனையில் தலைகீழ். வெளியே கருங்கம்பி போன்ற நார்கள் நெருங்கிய வைரம், உள்ளே சோறு. இந்த வேறுபாட்டைத் தொல்காப்பியம் மரபியலில் கவனித்திருக்கிறது. உறுதி உள்ளே இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல் என்பது அதன் வகைப்பாடு. அப்படிப் பார்த்தால் பனை புல், மூங்கிலும் புல். இன்றைய தாவரவியலும் பனையையும் மூங்கிலையும் ஒருவித்திலைத் தாவரங்களாக, தேக்கிலிருந்து பிரித்துத்தான் வைக்கிறது.

புல்லோ மரமோ, தேக்கு வாங்க முடியாதவன் வீட்டைப் பனைதான் தாங்கியது. இளம் பனை உதவாது. வயது முதிர்ந்து வைரம் பாய்ந்த பனை வேண்டும். அதை நீளவாக்கில் பிளந்து, சோற்றைச் செதுக்கித் தள்ளி, வெளி வளையத்தை மட்டும் கைமரமாக எடுப்பார்கள். பனங்கை என்று அதற்குப் பெயர். சிம்பு சிம்பாகக் கையைக் குத்தும்; ஆணி இறங்க மறுக்கும்; ஆனால் நனையாமல் பார்த்துக்கொண்டால் தலைமுறைகள் நிற்கும். யாழ்ப்பாணத்தில் வளையும் பனை, பிளந்தெடுத்த சலாகையும் பனை. அங்கே போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கு மேல்மூடியாகப் போட்டதும் பனங்குற்றிகளைத்தான். வீட்டுக் கூரைக்கு வளர்ந்த மரம் குண்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தது. தமிழ்நாட்டில் இன்று பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மரத்துக்கு நல்லது. பனங்கை என்ற சொல்லுக்கு அத்தனை நல்லதில்லை!

சரி, பழைய இலக்கியத்தில் இந்த மரச்சாமான்களுக்கு இடம் உண்டா? உண்டு. அதுவும் எப்படிப்பட்ட இடம்! பத்துப்பாட்டில் ஒன்று நெடுநல்வாடை, நக்கீரர் பாடியது. பாண்டியன் அரண்மனையின் வாசலைச் சொல்லும்போது, நிலைக்கு மேலே கிடக்கும் பெரிய மரத்தை அதன் பெயரைச் சொல்லாமல் சொல்கிறார். ஒரு விண்மீனின் பெயரைக் கொண்ட மரம் என்கிறார். எந்த விண்மீன்? உத்தரம். ஆகவே மரம் உத்தரம். உரை எழுதிய நச்சினார்க்கினியர் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டுகிறார். இன்று மரவாடியில் ‘உத்திரத்துக்கு நாலு மரம் போடுங்க’ என்று கேட்கிற மேஸ்திரி, நக்கீரர் விடுகதை போட்ட அதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விட்டத்தின் கதை இன்னும் சுவாரசியம். சுவருக்குச் சுவர் குறுக்கே கிடப்பது விட்டம். வட்டத்தின் நடுவே கரைக்குக் கரை குறுக்கே கிடக்கும் கோட்டுக்கு என்ன பெயர்? அதுவும் விட்டம். அதன் பாதிக்கு? ஆரம், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதுகிற இரண்டு சொற்களும் தச்சுப் பட்டறையில் பிறந்தவை. ஜன்னலுக்கு அடிப்பதும் சட்டம், சட்டமன்றம் இயற்றுவதும் சட்டம். ஒன்று கோணினால் கதவு சாத்தாது. இன்னொன்று கோணினால் என்ன ஆகும் என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலுக்குப் போவோமா? சிதம்பரத்தில் கூத்தப்பெருமான் ஆடுகிற சிற்றம்பலம் கற்றளி இல்லை. மரம். மேலே பொன்வேய்ந்த கூரை. பொன்னோடு 21,600, அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை. ஆணி 72,000, அது உடம்பின் நாடிகள். கைமரம் 64, அது கலைகளின் எண்ணிக்கை. இப்படிச் சொல்வது தில்லை மரபு. எண்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். ஓடு, ஆணி, கைமரம். தத்துவம் பேசப் புறப்பட்டவர்கள் ஆசாரியின் சாமான் பட்டியலை அப்படியே கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மரம் கல்லாக மாறியபோது என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலுக்குப் போக வேண்டும். அங்கே மண்டபக் கூரையின் ஓரம் வளைந்து இறங்குகிறதே, அந்தக் கொடுங்கையின் அடியில் நின்று மேலே பாருங்கள். கைமரம் இருக்கிறது. அதன் குறுக்கே மெல்லிய பட்டைகள் இருக்கின்றன. சந்திக்கிற இடத்தில் குமிழ் குமிழாக ஆணித்தலைகளும் இருக்கின்றன. அத்தனையும் கருங்கல்! கல்லுக்கு ஆணி எதற்கு? தேவையே இல்லை. ஆனாலும் மரக்கூரையை அறிந்த கண் ஆணி இல்லாத கூரையை ஏற்காது என்பதால் சிற்பி ஆணியையும் செதுக்கினான். ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ மற்ற எந்த வேலையும் செய்து தருகிறோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம். அந்தக் கதை எவ்வளவு உண்மையோ, கொடுங்கை உண்மை.

சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. இங்கே பழைய கட்டடங்களில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்ற தளம் இருக்கும். தேக்குச் சட்டங்களை நெருக்கி வைத்து, மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்கோணத்தில் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்நீரும் வெல்லநீரும் தெளித்து, நாள்கணக்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. இடிக்கிற இடங்களில் அந்தத் தேக்குச் சட்டங்கள் நல்ல விலைக்குப் போகின்றன. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கும் அப்படியே. வாங்குகிறவர்கள் அதை அறுத்து மேசை செய்கிறார்கள்.

இதுவரை பார்த்தவை வீட்டோடு இருக்கிற மரங்கள். வீட்டைக் கட்டிவிட்டுப் போய்விடுகிற மரங்கள் வேறு. சாரமும் முட்டும் அந்த வகை. கட்டி முடித்த வீட்டில் அவற்றின் தடயமே இருக்காது. செங்கல் சுவரில் சாரக்கம்பு செருகிய ஓட்டையைக்கூடப் பூசி மறைத்துவிடுகிறோம்.

ஆனால் ஓர் ஊரின் பெயரில் சாரம் நின்றுவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. விமானத்தின் உச்சிக்குக் கல்லை ஏற்ற, கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருந்த ஒரு பள்ளத்திலிருந்து சாரம் போட்டார்கள் என்பது தஞ்சாவூரார் சொல்லும் கதை. அந்த ஊரின் பெயர் சாரப்பள்ளம். உச்சியில் இருப்பது ஒரே கல்லா, பல துண்டுகளா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆயிரம் ஆண்டு நிற்கும் கோயிலைப் பார்க்கும்போது, அதைக் கட்டிவிட்டுக் காணாமல்போன சாரத்தையும் ஒரு வட்டாரம் மறக்கவில்லை, அது போதாதா?

இன்றைய சாரத்துக்கும் முட்டுக்கும் பெரும்பாலும் சவுக்கு. அது நம் ஊர் மரமில்லை. தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா பக்கத்துக் கடற்கரைகளின் மரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ரயில் என்ஜினுக்கு விறகு வேண்டும் என்று சோழமண்டலக் கரையில் தோப்புத் தோப்பாக நட்டார்கள். என்ஜின் நிலக்கரிக்கு மாறியது. சவுக்கு கட்டடத்துக்கு வந்தது. மூன்று நான்கு ஆண்டில் நேராக, கையில் பிடிக்கும் பருமனில் கம்பு கிடைக்கிறது. வேறென்ன வேண்டும்? இப்போது காகித ஆலைகளும் அதே கம்புக்குப் போட்டி போடுகின்றன.

முட்டு என்பது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய மூன்று டன் எடை. கொட்டிய அன்று அந்தக் கான்கிரீட்டுக்குத் தன்னைத் தாங்கும் சக்தி கிடையாது. மூன்று டன்னையும், மேலே நிற்கும் ஆட்களையும் சேர்த்துத் தாங்குவது கீழே நிற்கும் சவுக்குக் கம்புகள். கம்பின் அடியில் பலகை வைக்கிறார்களா, வெறும் மண்ணில் ஊன்றுகிறார்களா? அதில் இருக்கிறது ஆபத்து. கான்கிரீட்டின் தண்ணீர் கீழே சொட்டும், மண் நெகிழும், ஒரு முட்டு ஓர் அங்குலம் இறங்கினால் அதன் பாரம் பக்கத்து முட்டுக்குத் தாவும். அது வளைந்தால் அடுத்ததற்கு. தளம் போடும் நாளில் நடக்கும் விபத்துகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

கம்பின் அடியில் இன்னொன்றைக் கவனியுங்கள். இரண்டு மரத்துண்டுகள் ஒன்றுக்கொன்று எதிராகச் செருகப்பட்டிருக்கும். ஆப்பு. இரண்டையும் உள்ளே தட்டினால் கம்பு மேலே ஏறிப் பலகையை இறுக்கும். வெளியே தட்டினால் மெல்ல இறங்கும். பலகையும் முட்டுமான சென்டரிங்கைப் பிரிக்கும்போது அனுபவசாலி கம்பை அடித்துச் சாய்ப்பதில்லை. ஆப்பைத் தட்டித் தளத்தை நோகாமல் விடுவிக்கிறார். பேச்சில் ‘ஆப்பு வைத்துவிட்டான்’ என்கிறோம். அங்கே அது கெடுப்பது. கட்டடத்தில் ஆப்பு வைப்பது காப்பது.

எத்தனை நாளில் முட்டுகளை எடுக்கலாம்? இந்தியத் தர ஆவணம் ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, தெளிவாகச் சொல்கிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் என்றால், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள். அதற்கு மேல் 14 நாள். உத்திரத்துக்கு 6 மீட்டர் வரை 14 நாள். அதைத் தாண்டினால் 21 நாள். வாடகைக்கு எடுத்த இரும்பு முட்டான ஜாக்கிக்குத் தினமும் பணம் கட்டுகிற ஒப்பந்தக்காரருக்கு இந்த நாள்கள் நீளமாகத் தெரியும். அவருக்கு முட்டுக் கொடுக்காதீர்கள்!

பார்த்தீர்களா, முட்டுக் கொடுப்பது என்ற சொல் எவ்வளவு இயல்பாக வாயில் வருகிறது! தொலைக்காட்சி விவாதத்தில் தினமும் யாரோ யாருக்கோ முட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டில் சவுக்கு முட்டின் இடத்தை இரும்பு ஜாக்கி மெல்லப் பிடித்து வருகிறது; அரசியலில் முட்டு அசையவில்லை. விட்டம் கணக்குப் புத்தகத்தில் பிழைத்துக்கொண்டது. மோட்டுவளை கதைகளில் பிழைத்துக்கொண்டது. ரீப்பர் இப்போது பிளாஸ்டிக் பலகை அடிக்கும் சுவருக்குப் போய்விட்டது. ‘ரெண்டுக்கு ஒண்ணு ரீப்பர்’ என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் குத்துக்காலும் வரிச்சும் பனங்கையும் தீராந்தியும் எங்கே போகும்? அவற்றுக்கு ஒதுங்க இடம் இல்லை.

தெலுங்கு பேசுகிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொழிற்சொற்களை மாவட்டம் மாவட்டமாகத் திரட்டும் வேலையைத் தொடங்கினார். முதல் தொகுதி, வேளாண்மைச் சொற்கள், 1962இல் வந்தது. நெசவுக்கு ஒரு தொகுதி வந்தது. வீடு கட்டும் தொழிலுக்கென்றே ஒரு தொகுதி வந்தது. தமிழில் கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களைத் தொகுத்தார். இரண்டும் அருமையான முயற்சிகள். இரண்டும் ஒரு வட்டாரத்தின் பேச்சு முழுவதற்குமானவை. மரவேலைக்கு, கூரைக்கு, சாரத்துக்கு என்று, ஊர் ஊராகக் கேட்டு, படம் போட்டுச் செய்த தொகுப்புத்தான் நமக்குத் தேவை.

அதை யார் செய்வது? இந்த அவையில் கட்டடக்கலை மாணவர்கள் இருக்கிறார்கள். தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். கையில் கைப்பேசி இல்லாதவர் யாரும் இல்லை. உங்கள் ஊரில் இடிக்கப்போகிற ஓட்டு வீடு ஒன்று நிச்சயம் இருக்கும். இடிப்பதற்கு முன் ஒரு மூத்த ஆசாரியை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு மரத்தையும் தொட்டு ‘ஐயா, இதுக்கு என்ன பேரு, இது என்ன வேலை செய்யுது?’ என்று கேளுங்கள். அவர் குரலைப் பதிவு செய்யுங்கள்; மரத்தைப் படம் எடுங்கள்; ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு வீட்டின் பட்டியலோடு வாருங்கள்.